செஞ்சியின் வரலாறும் சான்று தேடிய பேராசிரியர்களும்



ஆண்டறிக்கை என்றால் வரவு செலவுக் கணக்கும், நடந்த பணிகளின் பட்டியலும், நன்கொடையாளர் பெயர்களும் இடம்பெறுவது வழக்கம். இவ்வாண்டு மலரில் நமது ஊரின் வரலாறு குறித்து ஒரு கட்டுரை இடம்பெற வேண்டுமென நிர்வாகக் குழுவினர் விரும்பினர். அரசர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் எழுதியோர் பலர் உளர். ஆகவே நாம் வேறொரு கூட்டத்தாரைப் பற்றி எழுதத் துணிந்தோம். செஞ்சியின் வரலாற்றைச் சான்றுகளோடு தேடி எடுத்து, அதனால் உலகின் மதிப்பையும் விருதுகளையும் பெற்ற பல்கலைக்கழகப் பேராசிரியர்களே அவர்கள். அவர்களுடைய உழைப்பு இன்று நமக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதையும் இக்கட்டுரையின் இறுதியில் கூறியிருக்கிறோம்.

ஒரு மாணவரின் கேள்வி

2025ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்னும் பெயரில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழகத்திலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. இதனால் ஊரார் அனைவரும் மகிழ்ந்தோம். கோட்டையைக் காண வருவோரும் பெருகினர். அவர்களோடு கூடவே பழைய கதைகளும் புதிய பேச்சுகளும் பெருகின.

அந்நாட்களில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் கல்லூரியில் படிக்கும் நம் மஹல்லாவின் மாணவர் ஒருவர் நம்மை அணுகினார். "ஹஜ்ரத், தேசிங்குராஜனைக் கொன்றது உங்கள் ஆட்கள்தானே என்று வகுப்பில் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்ல?" என்றார். ஓதிக் கொடுக்கும் இடத்தில் இருக்கும் நமக்கு அதற்கு விடை தெரியவில்லை. மத்ரஸாவில் அரபியும் உருதுவும், ஓரளவு பாரசீகமும் கற்றோம். ஸ்பெயினின் வரலாறும் பக்தாதின் வரலாறும் கற்றோம். வாசலில் நின்றால் தெரியும் ராஜகிரி மலையின் வரலாற்றை மட்டும் நாம் கற்கவில்லை. வெட்கத்தோடுதான் இதனை எழுதுகிறோம்.

நம் ஊரில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சென்று கேட்டோம். அவர் உடனே பதில் கூறவில்லை. "ஹஜ்ரத், நான் சொன்னால் அது என் சொல். சான்றைக் காட்டுகிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்" என்றார். அதன்பின் பல நாட்கள் அஸருக்குப் பின் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். ஆங்கில நூல்களைப் படித்து அவர் தமிழில் பொருள் கூறுவார். பாரசீகப் பெயர்களும் அரபுச் சொற்களும் வரும் இடங்களில் நாம் விளக்கம் கூறுவோம். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கே தருகிறோம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்

செஞ்சியின் முழு வரலாற்றையும் முதன்முதலில் விரிவாக ஆராய்ந்து நூலாக்கியவர்களுள் தலையாயவர் ராவ்பகதூர் சி.எஸ். சீனிவாசாச்சாரியார் ஆவார். சிதம்பரத்தில் 1929ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றினார். அந்நாளில் செஞ்சியும் சிதம்பரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. சென்னை நகரின் வரலாற்றை 1939இலும், புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிய நூலை 1940இலும் வெளியிட்ட அவர், 1943ஆம் ஆண்டு செஞ்சியையும் அதன் ஆட்சியாளர்களையும் பற்றிய பெருநூலை எழுதினார். பல்கலைக்கழகமே அதனை வெளியிட்டது.

அவருக்குக் கிடைத்த சிறப்புகளில் ஒன்றை மட்டும் குறிப்பிடுவோம். இந்தியா முழுவதிலுமுள்ள வரலாற்றறிஞர்கள் ஒன்றுகூடும் இந்திய வரலாற்றுப் பேரவையின் 1941ஆம் ஆண்டு மாநாடு ஐதராபாத்தில் நடைபெற்றது. அதற்குத் தலைமை தாங்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆய்வாளர் ஒருவருக்குச் சக ஆய்வாளர்கள் அளிக்கக்கூடிய பெருமைகளில் இது முதன்மையானது.

இந்தப் பெருமை அவருக்கு எதனால் கிடைத்தது? நூலைப் புரட்டினால் அதன் காரணம் விளங்கும். ஒரு செய்தியைக் கூறுமுன் அதனைக் கூறியவர் யார், எப்போது கூறினார், நேரில் கண்டாரா, கேட்டு எழுதினாரா என்று அவர் பார்க்கிறார். 1597ஆம் ஆண்டு நாயக்கர் காலத்தில் செஞ்சியை நேரில் கண்ட பிமென்டா என்னும் ஏசு சபைப் பாதிரியாரின் கடிதம் ஒருபுறம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணன் பிள்ளை என்பார் தமிழில் எழுதிய கர்நாடக ராஜாக்களின் சரித்திரம் மறுபுறம். இத்தகைய உள்ளூர்ச் சுவடிகளைத் திரட்டியவர் பின்னாளில் இந்தியாவின் தலைமை நில அளவையாளராக விளங்கிய காலின் மெக்கன்சி. அவற்றோடு பிரெஞ்சுக்காரர் செஞ்சியைக் கைப்பற்றிய 1750ஆம் ஆண்டினைத் தம் நாட்குறிப்பில் பதிந்த ஆனந்தரங்கப் பிள்ளை, பீஜப்பூர், முகலாயர், மராட்டியர் ஆகியோர் பற்றிய ஏடுகள் என அனைத்தையும் அவர் ஒப்பிட்டார். ஒன்றுக்கொன்று முரண்பட்டபோது அதனையும் மறைக்காமல் எழுதினார்.

ஜமாஅத்தார்களுக்கு இம்முறை புதிதன்று. ஹதீஸ்களைத் தொகுத்த இமாம்கள் அறிவிப்பாளர் தொடரை எவ்வாறு ஆராய்ந்தனர் என்பதை நாம் அறிவோம். சொல்லப்பட்ட செய்தி இனிமையாக இருப்பது மட்டும் போதாது. சொன்னவர் நம்பத்தக்கவரா, அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனரா என்று ஆராய்ந்த பின்னரே ஏற்றனர். வேதியர் குலத்தில் பிறந்த இப்பேராசிரியர் செஞ்சி விஷயத்தில் கையாண்டதும் ஏறத்தாழ அதே முறைதான் என்பதை அறிந்தபோது நமக்கு வியப்பும் மகிழ்ச்சியும் ஒருங்கே ஏற்பட்டன.

பாரசீக ஏடுகளைத் திறந்து வைத்தவர்கள்

செஞ்சியின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி பாரசீக மொழியில் உள்ளது. 1649ஆம் ஆண்டளவில் நாயக்கர் ஆட்சி முடிந்து பீஜப்பூர் சுல்தானின் ஆட்சி வந்தது. 1677இல் சிவாஜி கோட்டையைக் கைப்பற்றினார். 1690இல் தொடங்கிய முற்றுகையின் முடிவில் 1698ஆம் ஆண்டு ஔரங்கசீபின் தளபதி சுல்ஃபிகார் கான் கோட்டையை வென்றார். அதன்பின் ஆற்காட்டு நவாபுகளின் காலம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலச் செய்திகள் பாரசீகம் அறிந்தோர்க்கு மட்டுமே எட்டும் நிலையில் இருந்தன.

அக்கதவைத் திறந்தவர்களுள் முதல்வர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறைத் தலைவராக விளங்கிய டாக்டர் எஸ். முஹம்மது ஹுஸைன் நயினார் அவர்கள். வாலாஜா நவாப் முஹம்மது அலியின் அவையைச் சேர்ந்த புர்ஹான் இப்னு ஹஸன் பாரசீகத்தில் எழுதிய துஸக்கே வாலாஜாஹி என்னும் சரித்திரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1934ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமிய வரிசையில் வெளியிட்டார்கள். தென்னிந்தியாவைப் பற்றி அரபுப் புவியியலறிஞர்கள் எழுதியவற்றையும், மலபார் முஸ்லிம்கள் போர்ச்சுக்கீசியரை எதிர்த்த வரலாற்றைக் கூறும் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் அவர்களின் அரபு நூலையும் இவ்வாறே உலகறியச் செய்தார்கள். பாரசீகம் அறியாத தமிழக வரலாற்றாசிரியர்களுக்கு அவர்களுடைய மொழிபெயர்ப்புகள் கண்ணாக உதவின.

அதே துறையில் பின்னாளில் பணியாற்றியவர் மௌலானா முஹம்மது யூசுஃப் கோகன் உமரி அவர்கள். 'உமரி' என்னும் பட்டமே அவர்கள் எங்கு ஓதினார்கள் என்பதைக் காட்டும். 1924இல் நிறுவப்பட்ட உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் மத்ரஸாவில் பயின்ற ஆலிம், பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் ஆய்வாளராகவும் உயர்ந்தார்கள். 1710 முதல் 1960 வரை கர்நாடகப் பகுதியில் அரபு, பாரசீக மொழிகளில் எழுதிய அறிஞர்களைப் பற்றி அவர்கள் எழுதிய பெருநூல் 1974இல் வெளிவந்தது. கர்நாடகம் என்பது இங்கே ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சிக்குட்பட்ட நாட்டைக் குறிக்கும். நம் ஊரும் அதனுள் அடங்கும். மத்ரஸாவில் ஓதியவர்க்கு வரலாற்று ஆய்வு அயலானது என எண்ணும் நம்மைப் போன்றோர்க்கு அவர்கள் சிறந்த முன்மாதிரியாவார்கள்.

கடல் கடந்தும் பேசப்பட்ட செஞ்சி

செஞ்சியைப் பற்றிய ஆய்வு அத்துடன் நின்றுவிடவில்லை. தெலுங்கறிஞர் வெல்சேரு நாராயண ராவ், ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் தமிழ் அறிஞர் டேவிட் ஷுல்மன், வரலாற்றாசிரியர் சஞ்சய் சுப்ரமணியம் ஆகிய மூவரும் இணைந்து நாயக்கர் காலத் தமிழகத்தைப் பற்றி 1992இல் ஒரு நூல் வெளியிட்டனர். செஞ்சி, தஞ்சை, மதுரை ஆகிய மூன்று நாயக்க அரசுகளும் அதில் ஆராயப்பட்டன. இம்மூவருமே பின்னர் 2001இல் வெளியிட்ட மற்றொரு நூலில் 1600 முதல் 1800 வரை தென்னிந்தியர் தம் வரலாற்றை எவ்வாறு எழுதினர் என்று ஆராய்ந்தனர்.

ஐரோப்பியர் வருமுன் இந்தியர்க்கு வரலாற்றுணர்வே இருந்ததில்லை என்று ஒரு கூற்று நெடுங்காலமாக வழங்கி வந்தது. அதனை இந்நூல் மறுக்கிறது. ஊர்க் கணக்குப்பிள்ளைகளும் அவைப் புலவர்களும் நாட்டுப் பாடகர்களும் தத்தம் முறையில் வரலாற்றைப் பதிந்தே வந்தனர். எது புனைவு, எது நடந்தது என்பதை அந்நாளைய மக்கள் நடையைக் கொண்டே அறிந்துகொண்டனர். நாம்தான் அந்த அறியும் திறனை இழந்தோம் என்பது இவர்களின் முடிவு. இதற்கு இவர்கள் எடுத்துக்கொண்ட சான்றுகளில் நம் தேசிங்குராஜன் கதையும் ஒன்று. தேஜ் சிங் என்னும் மனிதர் எவ்வாறு தேசிங்குராஜன் என்னும் காவிய நாயகரானார் என்பதைக் குறித்து 1999ஆம் ஆண்டிலேயே சஞ்சய் சுப்ரமணியம் ஒரு தனி ஆய்வுக்கட்டுரை எழுதியிருந்தார்.

உலகம் இவர்களைப் போற்றியது. சஞ்சய் சுப்ரமணியம் அவர்களுக்கு 2012ஆம் ஆண்டு மானிடவியல் துறைக்கான இன்ஃபோசிஸ் பரிசும், 2019இல் டான் டேவிட் பரிசும் வழங்கப்பட்டன. டேவிட் ஷுல்மன் அவர்கள் 2016இல் தம் நாட்டின் உயரிய விருதான இஸ்ரேல் பரிசைப் பெற்றார். அப்பரிசுத் தொகையைப் பாலஸ்தீன மக்களுக்குத் துணை நிற்கும் தஆயுஷ் என்னும் அமைப்புக்கு அளித்துவிட்டார் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. தாம் கற்ற வரலாறு தமக்கு நீதியைக் கற்பித்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1714இல் நடந்தது என்ன?

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம்.

கதைப்பாடல் நாம் அனைவரும் அறிந்ததே. இளம் வீரர் தேசிங்கு, அவருடைய பாராசாரிக் குதிரை, உயிர்த்தோழர் மோவுத்துக்காரன் எனப்படும் மஹபத் கான், அவருடைய நீலவேணிக் குதிரை. திருமணக் கோலத்தில் இருந்த மஹபத் கான் நண்பருக்காகப் போர்க்களம் புகுந்து உயிர் துறந்தார் என்று பாடல் கூறும். இன்றும் கடலி, நீலாம்பூண்டிப் பகுதிகளில் அவர்கள் அடங்கிய இடம் என்று ஊரார் காட்டுவர்.

ஆய்வாளர்கள் சேர்த்த சான்றுகளைக் கொண்டு பார்த்தால் நமக்குப் பின்வருவன தெளிவாகின்றன.

முதலாவது: தேசிங்கின் தந்தை ஸ்வரூப் சிங் புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரர். ஔரங்கசீபின் அதிகாரியாகவே செஞ்சிக் கோட்டையின் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. முகலாயப் படையில் செஞ்சி முற்றுகையில் ஈடுபட்டோருள் புந்தேலா ராஜபுத்திரர்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான தல்பத் ராவின் கீழ் பணிபுரிந்த பீம்சேன் என்னும் காயஸ்தர், தாம் கண்டவற்றைப் பாரசீகத்தில் எழுதிவைத்துள்ளார். ஆகவே செஞ்சியை முற்றுகையிட்ட படை ஒரே மதத்தாரின் படையன்று.

இரண்டாவது: 1714இல் ஸ்வரூப் சிங் காலமானார். மகன் தேஜ் சிங் கோட்டையைத் தம் உரிமையாகக் கருதினார். தந்தைக்கு ஔரங்கசீப் அளித்த ஃபர்மானை அவர் சான்றாகக் காட்டினார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாஹ் கானோ, பேரரசர் மாறிவிட்டபடியால் புதிய அனுமதி வேண்டும் என்றும், செலுத்தவேண்டிய வரிப்பாக்கியைச் செலுத்தவேண்டும் என்றும் கூறினார். முகலாய ஆட்சி முறையில் கோட்டைப் பொறுப்பு என்பது தந்தைக்குப் பின் மகனுக்குத் தானாகச் சேரும் சொத்தன்று. இளைஞரின் மானமும் ஆட்சியாளரின் கணக்கும் மோதின. 1714ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் நடந்த போரில் தேஜ் சிங் வீழ்ந்தார்.

மூன்றாவது: அந்த நவாபின் சரித்திரத்தைச் சயீத்நாமா என்னும் பெயரில் பாரசீகத்தில் எழுதியவர் ஜஸ்வந்த் ராய் என்னும் இந்து. தேசிங்குக்காக உயிர் கொடுத்தவர் மஹபத் கான் என்னும் முஸ்லிம். மாண்ட தேசிங்கைத் தம் நாயகராக்கித் தலைமுறை தலைமுறையாகப் பாடியவர்கள் தமிழ் மக்கள்.

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்போர் 'உங்கள் ஆட்கள், எங்கள் ஆட்கள்' என்று பிரிக்க இயலுமோ? வரியும் அதிகாரமும் குறித்த சண்டை அது. அதில் யார் பக்கம் நியாயம் என்று இன்று வாதிடலாம். நவாப் இன்னும் சற்றுப் பொறுத்திருக்கலாம் என்றுகூட நம்மில் ஒருவர் கூறலாம். அவரைக் காப்பாற்றும் கடமை நமக்கு ஏதுமில்லை. ஆனால் அதனை மதப்போர் என்று கூறுவோர்க்குச் சான்று இல்லை.

இங்கே இப்னு கல்தூன் அவர்களை நினைவுகூர்வது பொருத்தமாகும். 1377ஆம் ஆண்டு எழுதிய முகத்திமாவில் அவர்கள், படைகளின் எண்ணிக்கையை மிகைப்படுத்தும் வரலாற்றாசிரியர்களைக் கண்டிக்கிறார்கள். அவ்வளவு பெரிய படைக்கு அந்நிலம் இடம் கொடுக்குமா, உணவு கொடுக்குமா என்று கேட்கிறார்கள். தாம் மதிக்கும் மஸ்ஊதி போன்ற பேரறிஞரையே அவர்கள் இவ்விஷயத்தில் விட்டுவைக்கவில்லை. நம் முன்னோர் எழுதியது என்பதால் ஏற்பதும், பிறர் எழுதியது என்பதால் மறுப்பதும் அறிவுடையோர் செயலன்று என்பதை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் கற்பித்துவிட்டார்கள்.

கல்லில் எஞ்சிய சான்று

ஆசிரியர் ஐயாவும் நாமும் ஒருநாள் கோட்டைக்குள் உள்ள சாதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலுக்குச் சென்றோம். 1717-18ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அதில் பாரசீகக் கல்வெட்டு உள்ளது. பலமுறை அவ்வழியே சென்றிருக்கிறோம். ஒருமுறையேனும் நின்று படித்ததில்லை. அன்று எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தோம். மத்ரஸாவில் குலிஸ்தான் ஓதியபோது இந்தப் பாரசீகம் எதற்குப் பயன்படும் என்று சலித்துக்கொண்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. ஐயா அருகில் நின்று, "முந்நூறு ஆண்டுகளாக இந்தக் கல் பேசிக்கொண்டிருக்கிறது ஹஜ்ரத், கேட்கத்தான் ஆளில்லை" என்றார்.

கல் நிலைத்திருக்கும். காகிதம் நிலைப்பதில்லை. இதனை நாம் அனுபவத்தில் அறிவோம்.

நாம் செய்த பிழை

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நாம் இமாமத் பொறுப்பேற்ற புதிதில், ரமளானுக்கு முன்பாகப் பள்ளிவாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. அப்போது பழைய மர அலமாரியின் அடித்தட்டில் ஒரு துணிமூட்டை கிடைத்தது. உள்ளே கரையான் அரித்த காகிதங்கள். சில பக்கங்களில் அரபு எழுத்துக்கள் தெரிந்தன. கிழிந்த முஸ்ஹஃபுத் தாள்களாக இருக்கும் என்று எண்ணினோம். அவை காலில் மிதிபடலாகாது என்னும் பேணுதலால், மழை பெய்து சங்கராபரணி ஆற்றில் நீர் ஓடிய ஒரு நாளில் அம்மூட்டையை அப்படியே ஆற்றில் விட்டோம். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஜமாஅத்தின் மூத்த பெரியவர் ஒருவர் அதனைக் கேட்டு நம்மிடம் வந்தார். இன்று அவர் மர்ஹூம். அம்மூட்டையில் இருந்தவை குர்ஆன் தாள்கள் அல்ல, தம் பாட்டனார் அரபுத்தமிழில் எழுதி வைத்த பள்ளிவாசல் கணக்குகள் என்றார். பள்ளியின் கிணறு தோண்டியபோது பணமும் ஆளும் கொடுத்து உதவியோரின் பெயர்கள் அதில் இருந்தன என்றும், கடைத்தெருவின் இந்து வணிகர் சிலரும் அதில் அடங்குவர் என்றும் தம் தந்தை சொல்லக் கேட்டதாகக் கூறினார். நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "போகட்டும், தெரியாமல்தானே செய்தீர்கள்" என்றார். அந்தச் சொல் இன்றும் நம்மை உறுத்துகிறது.

அப்பெயர்கள் யாவை? இன்று யாராலும் கூற முடியாது. கேட்டவரும் இறையடி சேர்ந்துவிட்டார். இக்கட்டுரையில்கூட 'சொல்லக் கேட்டோம்' என்றே எழுத வேண்டியுள்ளது. சீனிவாசாச்சாரியார் போன்ற ஓர் ஆய்வாளர் நாளை வந்து, இவ்வூரில் இரு சமூகத்தாரும் சேர்ந்து கிணறு தோண்டினர் என்பதற்குச் சான்று என்ன என்று கேட்டால் நாம் வெறுங்கையையே காட்ட முடியும். நம்மைப் பற்றித் தவறாக எழுதிவிட்டார்கள் என்று வருந்துகிறோம். சரியாக எழுதுவதற்குரிய ஏட்டை ஆற்றில் விட்டவர் யார்? நாமே அல்லவா?

நாம் செய்ய வேண்டுவது

இவ்வாண்டுப் பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: பள்ளிவாசலில் எஞ்சியுள்ள நிக்காஹ் பதிவேடுகள், வக்ஃபுப் பத்திரங்கள், வரவு செலவு ஏடுகள், பழைய நோட்டீசுகள் அனைத்துக்கும் ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். கரையானும் ஈரமும் அணுகாத இரும்பு அலமாரி ஒன்றில் அவற்றை வைக்க வேண்டும். கணினி அறிந்த இளைஞர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துப் பாதுகாக்க முன்வரவேண்டும். அரபுத்தமிழ் எழுத்துக்களைப் படித்துத் தரும் பணியை நாம் ஏற்றுக்கொள்கிறோம். அது நம் பிழைக்கு நாம் செய்யும் சிறு பரிகாரமாக அமையட்டும்.

இரண்டு: ஜமாஅத்தார் தத்தம் இல்லங்களில் உள்ள பாட்டனார் காலக் கடிதங்கள், பத்திரங்கள், கையெழுத்துக் கிதாபுகளை எறிவதற்கு முன்பாகவும், ஆற்றில் விடுவதற்கு முன்பாகவும் ஒருமுறை நம்மிடம் காட்டவேண்டும். அசல் உங்களிடமே இருக்கட்டும். படி ஒன்று ஜமாஅத்தில் இருந்தால் போதும்.

மூன்று: ஆண்டுதோறும் பொதுத்தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசளித்து வருகிறோம். அது தொடரட்டும். அதனுடன், இவ்வூரின் வரலாற்றில் ஏதேனும் ஒரு செய்தியைச் சான்றுகளோடு ஆராய்ந்து எழுதும் மாணவ மாணவியர் ஒருவரையும் அழைத்துப் பாராட்டுவோம். அவர் எச்சமயத்தவராயினும் ஆகலாம். பல்கலைக்கழகங்கள் தம் பேராசிரியர்களைப் போற்றுவது போல், நம் சக்திக்கேற்ப நாமும் கல்வியாளரைப் போற்றுவோம். ஒரு சால்வையும் சில நூல்களுமே போதும். எதனை ஊரார் போற்றுகின்றனரோ அதனைத்தான் பிள்ளைகள் நாடுவர்.

மேலே கூறிய பேராசிரியர்களுக்குச் சமயமும் மொழியும் நாடும் வெவ்வேறு. பாரசீகம் அறிந்தவர் தமிழரின் வரலாற்றுக்கு உதவினார். தமிழைக் கற்ற யூதர் செஞ்சியின் கதையை உலகுக்கு எடுத்துரைத்தார். தமக்குப் பிடித்த செய்தியைவிடச் சான்றுள்ள செய்தியையே அவர்கள் உயர்வாகக் கருதினர். அவர்களுக்குக் கிடைத்த மாலையும் பரிசும் அந்த நேர்மைக்குக் கிடைத்தவை.

கேள்வி கேட்ட மாணவரை அண்மையில் மீண்டும் சந்தித்தோம். ஆசிரியர் ஐயாவின் திண்ணையில் இப்போது அவரும் வந்து அமர்கிறார். தம் வகுப்புத் தோழர் இருவரையும் உடன் அழைத்து வருகிறார். தேசிங்குராஜன் கதையைப் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்தவர் அவர்களில் ஒருவர். நமது மாணவர் அடுத்ததாகக் கல்வெட்டைப் படிக்கக் கற்றுத் தருமாறு நம்மிடம் கேட்டிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், ரமளானுக்குப் பின் தொடங்க இருக்கிறோம்.

உண்மையை அறியவும், அறிந்ததை அஞ்சாது கூறவும், நம் முன்னோர் விட்டுச் சென்றவற்றைப் பேணிக் காக்கவும், அண்டை அயலாரோடு நல்லுறவில் வாழவும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.